கதவைப் பூட்டியவர்

போன மாதம் நம்மில் ஒருத்தியின் பேத்திக்குக் காதுகுத்து என்று எல்லாரும் கூடினோமே, அன்று பந்தியில் என் பக்கத்தில் இருந்தவள் நம் பழைய தோழியைப் பற்றிப் பேச்செடுத்தாள். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் நம்மோடு படித்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாளே, ஆட்டுக்காரர் மகள், அவளைத்தான். "பாவம்ட்டி அவ. சின்ன வயசுல கவனமில்லாம கையச் சுட்டுக்கிட்டா" என்றாள். எதிர் வரிசையில் இருந்தவளும் "ஆமா, கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அப்பளத்தை நொறுக்கினாள். நீங்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவப் போனேன். சர்க்கரை வியாதி என்று நினைத்திருப்பீர்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் எல்லாருக்கும் சேர்த்து.

நாம் ஆறாம் வகுப்பில் இருந்த அந்த மாசி, பங்குனி உங்களுக்கு நினைவிருக்கிறதா? மழை பொய்த்து, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வருஷம். ஊரைச் சுற்றிப் பருத்தி மட்டும் எப்படியோ வெடித்திருந்தது. வெளியூர் வண்டிகளில் பஞ்சுப்பொதி போகும்போது பிசிறுகள் பறந்து வந்து நம் சன்னல் கம்பிகளில் ஒட்டிக்கொள்ளும். மில் சங்கு ஊதினால்தான் நமக்கு மணி தெரியும். வகுப்புக்குள் அனல் தாங்காமல் தமிழ் டீச்சர் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே பாடம் நடத்துவார். கழுத்தை ஒட்டிய கறுப்பு மணி மாலை, சுண்ணாம்புக்கட்டி படிந்த விரல்கள், எப்போதும் ஒரு ஏலக்காய் மணம்.

அவர்தான் அந்தப் பயிற்சியைத் தொடங்கிவைத்தார். ஒரு வாக்கியத்தில் வினையாக இருப்பதைப் பெயராக்கி, பொருள் மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். "அரசன் வென்றான். மக்கள் மகிழ்ந்தார்கள்" என்று பலகையில் எழுதுவார். "அரசனின் வெற்றி மக்களுக்கு மகிழ்ச்சி தந்தது" என்று நாம் மாற்ற வேண்டும். "தம்பி வரத் தாமதித்தான்" என்பது "தம்பியின் வருகையில் தாமதம் ஏற்பட்டது" என்றாகும். அப்புறம் பெயரை வினையாக்கித் திரும்ப வர வேண்டும்.

"பாத்தீங்களா, எவ்வளவு கம்பீரமா இருக்கு? ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி" என்பார் டீச்சர்.

அவர் சொல்லித்தந்ததில் ஒன்று, "நான் கவனிக்கவில்லை, குடம் உடைந்தது" என்பது. "கவனக்குறைவால் குடம் உடைந்தது" என்று நான் உடனே சொன்னேன். டீச்சர் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். உங்களில் ஒருத்தி மட்டும் எழுந்து, "டீச்சர், இதுல யாரு கவனிக்கலைன்னே தெரியலையே?" என்று கேட்டாள். டீச்சர் சிரித்தார். "குடம் உடைஞ்சதுதானம்மா சேதி. யாருங்கிறது எதுக்கு?" என்று அவளை உட்கார வைத்தார். நல்ல டீச்சர் அவர். நமக்கெல்லாம் கையெழுத்தைத் திருத்தியவர். ஆனால் அன்றைக்கு அவர் அந்தக் கேள்வியோடு கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்று இப்போது படுகிறது.

நமக்கு அது விளையாட்டாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே பேச்சு. "எங்கம்மா என்னை அடிச்சா" என்று ஒருத்தி சொன்னால், "அம்மாவின் அடி எனக்குக் கிடைத்தது" என்று இன்னொருத்தி மாற்றுவாள். "பஸ் வரலை" என்றால் "பஸ்ஸின் வருகையின்மை!" என்று நாலு பேர் சேர்ந்து கத்துவோம். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது, "கேட்டின் மூடலால் நமக்கு நிற்றல் ஏற்பட்டது" என்று நான் சொல்ல, கேட்காரர் நம்மைப் பைத்தியங்கள் என்று நினைத்தார். அந்த விளையாட்டில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை. எனக்கு அதில் பெரிய கர்வம்.

அவள் அந்த விளையாட்டில் இல்லை. அந்த வருஷம் ஆடுகளுக்கு மேய்ச்சல் இல்லாமல் அவள் அப்பா மந்தையை ஓட்டிக்கொண்டு தெற்கே போயிருந்தார். அவளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். தீப்பெட்டி செய்கிற கம்பெனியை நம் ஊரில் ஆபீஸ் என்றுதானே சொல்வோம். அதே ஆபீசில்தான் என் அப்பா கணக்குப்பிள்ளை. அப்பாவின் சட்டையில் எந்நேரமும் மெழுகும் மருந்தும் கலந்த ஒரு வாடை இருக்கும். துவைத்தாலும் போகாது. நான் அந்த வாடையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவேன்.

அவள் மரச் சட்டங்களில் தீக்குச்சி அடுக்கும் வேலை பார்த்தாள். சாயங்காலம் தெருவில் பார்த்தால் ஓடிவந்து, "ஏட்டி, இன்னைக்கு என்ன பாடம் நடத்துனாவ?" என்று கேட்பாள். நான் இரண்டொரு தடவை சொன்னேன். அப்புறம் சலித்துப்போய், "உனக்கு அது புரியாது" என்று சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "சரி, நீ போ" என்று சொல்லிவிட்டு, விரலில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டே நடந்து போனாள்.

குச்சிகளை மருந்தில் முக்கி எடுத்துச் சட்டத்தோடு ஓர் அறையில் காயவைப்பார்கள். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகும்போது அந்த அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வது அப்பாவின் வேலை. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். அன்றைக்கு அவர் பார்க்கவில்லை. முதலாளி ஏதோ அவசரமாகக் கூப்பிட்டார், கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனார். அவள் உள்ளே இருந்தாள். வெளியே தகரக் கொட்டகையில் வெக்கை தாங்காமல், அந்த அறையின் தரை குளிர்ச்சி என்று அடுக்குக்குப் பின்னால் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள். எதனால் தீப்பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு சட்டம் சரிந்து உரசியிருக்கலாம் என்றார்கள். அவள் கதவைத் தட்டியது கேட்டு அப்பாவே ஓடிப்போய்த் திறந்தார். அதற்குள் வலது கை வெந்துபோயிருந்தது. உயிர் பிழைத்தாள், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

அன்று அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்தான்.

"நான்தான் பூட்டினேன். உள்ள பாக்கலை."

அம்மா, "சத்தமாச் சொல்லாதீங்க" என்றாள்.

விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. அப்பாவின் பிரம்பு நாற்காலியில் அவர் உட்கார, அப்பா நின்றார். அம்மா காப்பியை ஆற்றிக் கொடுத்த வேகத்தில் பாதி தரையில் சிந்தியது. நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அவரு வந்து கேட்டா என்ன சொல்லுவீரு?" என்றார் முதலாளி.

"நடந்ததைத்தான் சொல்லணும் முதலாளி. நான் உள்ள பாக்காம கதவைப் பூட்டிட்டேன்."

"அப்பிடிச் சொன்னா உம்மையும் கூட்டிட்டுப் போவான், ஆபீசையும் மூடுவான். அம்புட்டுப் பேரு பொழைப்பும் போயிரும்."

"பொய் சொல்ல எனக்கு வரமாட்டேங்கு."

"பொய் சொல்லச் சொல்லலையேய்யா. இப்பிடிப் போட்டு ஒடைக்கணுமாங்கேன்."

அப்பா திரும்பவும் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் "நான்" என்றுதான் தொடங்கியது. "பூட்டினேன்" என்றுதான் முடிந்தது. முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என்னை யாரும் கேட்கவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நானாகத்தான் எழுந்தேன். கையில் பென்சிலோடு அங்கே போய் நின்று, வகுப்பில் சொல்வது மாதிரி நிமிர்ந்து சொன்னேன்.

"கவனக்குறைவால் கதவு பூட்டப்பட்டதில் விபத்து ஏற்பட்டது."

முதலாளி என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சிரித்தார். "இன்னொரு வாட்டி சொல்லு தாயி" என்றார். சொன்னேன். "யாரு சொல்லித் தந்தா?" என்றார். "எங்க தமிழ் டீச்சர்" என்றேன். "பாரும்யா, இதுல என்ன பொய் இருக்கு? கவனக்குறைவுங்கது உண்மை. விபத்துங்கது உண்மை" என்று அப்பாவிடம் சொன்னார். கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே அதைச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நடுவுல கதவு எதுக்கு? கவனக்குறைவால் விபத்து ஏற்பட்டது. இவ்வளவு போதும்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். பல காலம் அந்தப் பார்வைக்கு வேறு வேறு பெயர் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அப்போது மூச்சு வந்தது. அவ்வளவுதான். மூழ்கிக்கொண்டிருந்தவருக்குக் கையில் ஏதோ தட்டுப்பட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

அது அவளைப் பற்றிய பேச்சு என்று எனக்குத் தெரியாது, நான் குழந்தை என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்குத் தெரியும். அவளுடைய கை, என் அப்பா பூட்டிய கதவு, எல்லாம் தெரியும். தெரிந்தும், கைதட்டல் கிடைக்கப்போகிறது என்பதுதான் அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது.

அதிகாரி வந்தார். அப்பா அந்த வாக்கியத்தைச் சொன்னார். அந்த அதிகாரி அவளுடைய வயசைக்கூடக் கேட்கவில்லை என்று அப்புறம் கேள்விப்பட்டேன். காப்பி குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கவனக்குறைவு என்றால் அது யாராவது ஒருத்தருடையதாக இருக்க வேண்டுமே. ஊர் ஒரு வாரத்துக்குள் ஆளைத் தேடிப் பிடித்துவிட்டது. பெட்டிக்கடையில், தண்ணீர்க் குழாயில், எல்லா இடத்திலும் "அந்தப் புள்ளைக்குக் கவனம் பத்தாது" என்றார்கள். "மருந்து இருக்கிற ரூமுல போயி எவளாவது தூங்குவாளா?" என்றார்கள். நம் வகுப்பிலேயே தமிழ் டீச்சர் கண்கலங்கச் சொன்னாரே, "உங்க கூடப் படிச்ச பிள்ளைக்கு ஏற்பட்ட கதியைப் பாத்தீங்களா? கவனமா இருக்கணும்மா" என்று. நாம் எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

அவளுடைய அம்மா ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து என் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வந்தவள் தலைமுட்டாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு, கோயிலில் கூழ்ப்பானை வைப்பது மாதிரி ஒரு கலயத்தைக் கீழே வைத்தாள். ஆட்டுப்பால்.

"அண்ணாச்சி, நீங்க மட்டும் வந்து தொறக்கலேன்னா எம் புள்ள கருகிப் போயிருப்பா. அது கவனமில்லாம அங்கன போய்ப் படுத்து, உங்களுக்கும் மொதலாளிக்கும் கெட்ட பேரு வாங்கித் தரப் பாத்துச்சு. நான் நல்லா வஞ்சிருக்கேன். மனசுல வச்சிக்கிடாதீங்க" என்றாள்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதறிப்போய், "ஐயோ, நீங்க போயி என்னைக் கும்பிடலாமா?" என்று பின்னால் நகர்ந்தாள். அப்பா கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டார். அந்தப் பாலை அம்மா காய்ச்சினாள். யாரும் குடிக்கவில்லை. சாயங்காலம் அது திரிந்துபோன வாடை வீடு முழுக்க நின்றது.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்தக் கதவைச் சாத்தும்போதும், "உள்ள யாரும் இருக்கீகளா?" என்று கேட்பார். அரிசி மூட்டை வைக்கிற சின்ன அறைக்கும் கேட்பார். காலியாக இருக்கும் குளியலறைக்கும் கேட்பார். பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் காதைச் சாய்த்து நிற்பார். நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். தம்பி ஒருநாள் விளையாட்டாக உள்ளிருந்து "இருக்கேன்" என்று குரல் கொடுத்தான். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் எங்கள் சிரிப்பு நின்றது.

அம்மா கடைசிவரை முதலாளியைத் தெய்வம் என்றே சொன்னாள். வேலையை விட்டு நிறுத்தாமல் வைத்துக்கொண்டாரே என்று. அந்த விஷயத்தை நானும் அப்பாவும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு தடவை, "அந்தப் புள்ள எங்க இருக்கு?" என்று கேட்டார். "எந்தப் பிள்ளைப்பா?" என்றேன். யாரைக் கேட்கிறார் என்று தெரிந்தே அப்படிக் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்று உங்களுக்குத் தெரியும். அங்கேயும் எனக்கு நல்ல பெயர். என் குறிப்புகளில் யாரும் எதையும் செய்திருக்க மாட்டார்கள். தாமதம் ஏற்பட்டிருக்கும், தவறு நேர்ந்திருக்கும், அனுமதி மறுக்கப்பட்டிருக்கும்.

காதுகுத்து முடிந்த மறுவாரம் எட்டயபுரம் பஸ்ஸில் ஏறினேன். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். மெயின் ரோட்டில் இறங்கி வேலிக்கருவைக்கு நடுவே நடந்தேன். அறுவடை முடிந்த நிலம், செருப்புக்குள் கரிசல் மண் கட்டியாக ஏறியது. மோட்டார் பைக்கில் போன ஒரு பையனிடம் கேட்டதும், "அந்தப் பெரியம்மாவா? வேப்பமரத்துக்கு அங்கிட்டு, நீல வீடு" என்று கை காட்டினான்.

வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை இடது கையால் பிடித்து, வலது மணிக்கட்டால் அடியில் தாங்கி, நம்மைவிட வேகமாகப் புடைத்தாள். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"யாரு?"

"கணக்குப்பிள்ளை மகள்" என்றேன்.

"ஏட்டி! நீயா?" சுளகை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். "இம்புட்டு வெயிலுல ஏன்ட்டி நடந்து வந்த? போன் பண்ணுனா எம் மவன் வந்து கூட்டிட்டு வந்திருப்பாம்லா."

மோர் கொடுத்தாள். உங்களையெல்லாம் ஒவ்வொருத்தியாக விசாரித்தாள். தமிழ் டீச்சர் இறந்துபோனதைச் சொன்னதும் வருத்தப்பட்டாள். என் அப்பாவைக் கேட்டாள். இல்லை என்றேன். "நல்ல மனுசன். என்னைக் காப்பாத்துனவரு" என்றாள். மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்" என்று ஆரம்பித்தேன். வாயில் வந்ததெல்லாம் பெயராகவே வந்தது. "அன்னைக்கு நடந்த தவறு... அந்தக் கவனக்குறைவு..." என்றேன்.

அவள் முந்திக்கொண்டாள். "அதை விடுட்டி. எங் கவனக்குறைவு, நான் பட்டேன். எங்கம்மா சாகிற வரைக்கும் சொல்லுவா, நீ கவனமா இருந்தா கையோட இருந்திருப்பன்னு. என் மகளையும் மகனையும்கூட அப்பிடித்தான் சொல்லி வளத்தேன். அம்மா மாதிரி கவனமில்லாம இருக்காதீகன்னு."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். இத்தனை வருஷமும் அந்தச் சொல் யார் வீட்டில் குடியிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எங்கப்பா பூட்டினார்" என்றேன்.

"என்னது?"

"எங்கப்பா கதவைப் பூட்டினார். பூட்டுறதுக்கு முன்னால உள்ள பாக்கணும், அது அவரோட வேலை. அவர் பாக்கலை. உள்ள யாரும் இருக்காங்களான்னு கேக்கவும் இல்லை. அதிகாரிகிட்ட அதைச் சொல்லணும்னுதான் இருந்தார். நான்தான் அதை மாத்திச் சொல்லிக் குடுத்தேன். கவனக்குறைவுன்னு. நீ ஒண்ணும் பண்ணலை. நீ தூங்கினே. அவ்வளவுதான் நீ செஞ்சது."

அவள் சுளகில் கிடந்த உளுந்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். கல் ஒன்றைப் பொறுக்கித் தூர எறிந்தாள்.

"உள்ள எட்டிக்கூடப் பாக்கலியா?" என்று கேட்டாள்.

"பாக்கலை."

"ஒரு சத்தம் குடுத்திருந்தா முழிச்சிருப்பேனே. எனக்கு லேசுல முழிப்பு வந்துருமே."

"ஆமா."

"காத்துக்குத்தான் கதவு அடைச்சிருச்சுன்னு எங்கிட்டச் சொன்னாவ."

நான் அழுதேன். அவள் அழவில்லை. என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. அது எனக்கு நல்லது என்றே தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, இங்கன வா."

அவள் மகள் மாவு ஒட்டிய கையோடு வந்து நின்றாள். நாற்பதைத் தாண்டியிருக்கும்.

"இவ எங்கூடப் படிச்சவ. இவ சொல்லுதத நல்லாக் கேட்டுக்கோ" என்று மகளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இப்ப எங்கிட்டச் சொன்னேல்லா, அதைச் சொல்லு. மொதல்ல இருந்து. யாரு பூட்டுனதுன்னு சொல்லிச் சொல்லு."

சொன்னேன். இந்தத் தடவை ஒன்றையும் விடாமல், முதலாளி வந்தது, நான் பென்சிலோடு எழுந்தது, ஆட்டுப்பால் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் என்னைப் பார்க்கவே இல்லை. தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, தெரியாத யாருடைய கதையையோ கேட்பது மாதிரி தாடையில் கை வைத்துக் கேட்டாள். முடிந்ததும், "கேட்டியாட்டி?" என்றாள் மகளிடம். மகள் தலையாட்டினாள்.

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "அப்போ வாரேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடுத்த பஸ்ஸுல போகலாம், இரு. எம் மவன் ஆட்டை அடைச்சுட்டு இப்ப வந்துருவான். அவனுக்கும் சொல்லிட்டுப் போ."

உட்கார்ந்தேன்.